பெக்கோ ட்ரெயில் ரெண்டாவது பகுதி, கலஹா – லூல்கந்துர: கட்டாயம் ஒரு நாள் ஒதுக்குங்க

பெக்கோ ட்ரெயில்ங்கிறது இலங்கையில தேயிலை மலை வழியா போற நடைபாதை, மொத்தம் 22 பகுதி, 300 கிலோமீட்டருக்கு மேல, ஹந்தானையில தொடங்கி மலையெல்லாம் சுத்தி நுவரெலியாவுல போய் முடியுது. அவ்வளவு நாள் யாருக்கும் லீவு கிடைக்காது, அதனால ஒரே ஒரு பகுதி நடக்குறதுன்னா எதுன்னு கேக்குறவங்களுக்கு நான் யோசிக்காம ரெண்டாவதத்தான் சொல்லுவேன். எல்லாரும் எல்லங்கிற ஊருக்கு ஓடி ஒன்பது வளைவுப் பாலத்துல ரயில் வர்றத வீடியோ எடுக்குறாங்க, அதுவும் அழகுதான், ஆனா மலையகத்த தெரிஞ்சிக்கணும்னா இந்தப் பாதையில நடக்கணும்.

கண்டியில இருந்து பேராதனை வழியா கலஹா, தெல்தோட்டை பக்கம் பஸ் ஓடுது. காலையில முதல்ல வர்ற பஸ்ஸப் புடிங்க, ஏன்னா பகல் திரும்பினா மூடம் இறங்கிரும், அப்புறம் பத்தடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியாது. பாதை பெரும்பாலும் பழைய தோட்ட ரோடுதான், வண்டி ஏறுற மாதிரி வளைச்சு வளைச்சு வெட்டினது, அதனால மூச்சு வாங்குற ஏத்தம் கொஞ்ச இடத்துலதான். காலுக்குத்தான் வேலை, சின்னக் கல்லு பரப்பின ரோடு, மெல்லிசான செருப்போட வந்தீங்கன்னா பாதம் போயிரும். அட்டை கடிக்காம இருக்க சவர்க்காரமோ சித்தாலேப தைலமோ கணுக்கால்ல நல்லா தேச்சிக்கோங்க, ரெண்டுமே வேலை செய்யுது.

வழிகாட்டி வேணுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. போனுல மேப் வச்சுக்கிட்டே நடந்துரலாம், வழி தவறாது, ஆனாலும் தோட்டத்துப் பொடியன் ஒருத்தனக் கூட்டிக்கிட்டுப் போங்கன்னுதான் சொல்லுவேன். எங்க கூட வந்த தம்பி அந்தப் பக்கத்துலயே பொறந்து வளந்தவன், எந்த மலையில இன்னைக்கு கொழுந்து எடுக்குறாங்க, மலை ஊத்துல இருந்து விழுற எந்தப் பீலித் தண்ணி குடிக்கலாம், எல்லாம் அவனுக்குத் தெரியுது. கவ்வாத்து வெட்டின, அதாவது செடிய மட்டமா கழிச்சு விட்ட மலை ஒண்ணுல வெள்ள வெளேர்னு மாவு தூவிக் கெடந்துச்சு, உரமான்னு கேட்டா இல்லண்ணே டொலமைட்ங்கிறான். வருஷக் கணக்கா உரம் போட்டுப் போட்டு மண்ணுல புளிப்பு ஏறிரும், தேயிலைக்குப் புளிப்பு மண் புடிக்கும்தான், ஆனா புளிப்பு ஏற ஏற பிஎச் இறங்கும், அது 4.5க்கு கீழ போனா தேயிலைக்கே ஆகாது, அதுக்காகத்தான் இத போடுறாங்க. நாம நடக்குற மலை கருங்கல் மாதிரி கெட்டிப் பாறை, ஆனா கண்டிக்கு அந்தப் பக்கம் திகனயில சுண்ணாம்புக்கல் வகையில இந்த டொலமைட் நிலத்துக்கடியில ஓடுது, அங்க தோண்டி அரைச்சு மூட்டை மூட்டையா தோட்டங்களுக்கு வருது. தனியா நடந்திருந்தா இந்த வெள்ளைய தாண்டிப் போயிருப்பேன்.

கொழுந்து நிறுக்குற மடுவத்துக்கிட்ட கொஞ்சம் நின்னோம். நிறுவைக்கு வரிசையில நின்ன ஒரு அக்கா, இடுப்புல கட்டின படங்கு முட்டி வரைக்கும் நனைஞ்சு கெடக்கு, கைய விரிச்சுக் காட்டுனாங்க, விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை ஏறி கறுத்து வெடிச்சு, நகத்தோரம் கோடு கோடா இருந்துச்சு. "சவுக்காரம் போட்டாலும் போவாது தம்பி, தீபாவளிக்கும் இதே கைதான்" அப்படின்னாங்க. நாம காலையில குடிச்சிட்டு வந்த தேத்தண்ணி அந்தக் கையில இருந்துதான் வருது.

சாப்பாட்ட தம்பி முன்னாடியே சொல்லி வச்சிருந்தான், லயத்துல, அதாவது தொழிலாளிங்க வரிசை வீட்டுல, ஒரு வீட்டுல. அடுப்புல இருந்து நேரா தட்டுக்கு வந்த தேங்கா ரொட்டி, கட்டச் சம்பல், பருப்பு, கருவாட்டுத் தீயல். கண்டியில பெரிய ஹோட்டல்ல கொடுக்குற சாப்பாட்டுக்கு இது நூறு மடங்கு மேல், காசும் நேரா அந்த வீட்டுக்குப் போகுது. ஒரு நாளைக்கு முன்னமே சொல்லிருங்க, திடீர்னு போய் நின்னா அவங்களுக்குச் சிரமம்.

லூல்கந்துரதான் இந்த நடையோட உச்சம். ஜேம்ஸ் டெய்லர் 1852ல ஸ்கொட்லாந்துல இருந்து வந்து, 1867ல இங்க 7ஆம் நம்பர் மலையில 19 ஏக்கர்ல தேயிலை போட்டார், வியாபாரத்துக்குன்னு இலங்கையில போட்ட முதல் தேயிலை அது. அவர் வீட்டுல இப்போ நிக்கிறது அடுப்புப் புகைக்கூடு மட்டும்தான், கிட்டப் போய் பாருங்க, கல்லு இடுக்கெல்லாம் பாசி. அவர் உக்காந்து மலையப் பாத்த கல் ஆசனமும் இருக்கு. 1892ல அவர் செத்தப்போ இங்க இருந்து கண்டி வரைக்கும் பெட்டிய மாத்தி மாத்தி தூக்கிட்டு நடந்தவங்க தோட்டத்துத் தொழிலாளிங்க, அவர சாமி துரைன்னு சொல்லி அழுதுக்கிட்டுப் பின்னாடி போனாங்களாம்.

இங்கதான் எனக்கு ஒரு ஆசை. டெய்லர் வந்தது காப்பிக் காலத்துல, அந்தக் காப்பித் தோட்டத்துக்கு ஆள் வந்த பாதை இத விட நீளம். ராமநாதபுரம், திருச்சி, சேலம்னு எங்கெங்கயோ இருந்து வந்து, மன்னார்ல கரையேறி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தே வந்த சனம், வழியிலயே காய்ச்சல்லயும் பசியிலயும் விழுந்தவங்களுக்குக் கணக்கே இல்ல. 1823ல இருந்து 200 வருஷம்னு 2023ல தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நம்ம சனம் அதே வழியில திரும்ப நடந்தாங்க. புகைக்கூட்டுக்குப் பக்கத்துல அந்த நடையப் பத்தியும் தமிழ், சிங்களம், இங்கிலீசு மூணுலயும் ஒரு பலகை நிக்கணும். உலகத்துல எங்கெங்கயோ இருந்து வர்றவங்க நடக்குற ரோட்ட வெட்டுனது யாருன்னு அவங்களுக்குத் தெரியணும்.

குறைன்னா, வழியில கழிவறை கிடையாது, பெண்களோட வந்தா கலஹா டவுன்லயே போய்ட்டு வந்துருங்க. இன்னொண்ணு நடக்குறவங்களப் பத்தி: லயத்து வாசல்ல துணி காயப் போட்டிருக்கும், பீலியில பிள்ளைங்க குளிச்சிக்கிட்டு இருக்கும், கேக்காம கமராவத் தூக்காதீங்க. அன்னைக்கு எங்களுக்கு முன்னாடி போன ஒரு குரூப் அதத்தான் செஞ்சிச்சு, பாக்கவே கோவமா வந்துச்சு.

பாதைக்கு 5க்கு 5, சாப்பாட்டுக்கும் 5, வசதிக்கு 3. கிளம்புறதுக்கு முதல் நாள் ராத்திரி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கான்னு பாருங்க, விட்டிருந்தா இன்னொரு நாளைக்கு மாத்திருங்க. லூல்கந்துரயில இருந்து இறங்க த்ரீவீல காலையிலயே பேசி வச்சிக்கோங்க, அங்க போய் நின்னு தேடுனா கிடைக்கிறது கஷ்டம், தெல்தோட்டைக்கு இறங்கிட்டா கண்டி பஸ் புடிச்சிரலாம்.