23 வெள்ளித் தொங்கு தராசு: பழைய தோட்டக் கிராணி நிறுத்துப் பார்த்தது

தராசு விஷயத்தில் என்னை ஏமாற்றுவது கொஞ்சம் சிரமம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவனாக, இருந்த காலமெல்லாம் ரப்பர் பால் கொட்டகையில் நின்று எடை எழுதியவன் நான். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு குலை எடை. பாலில் வெறும் எடையை யாரும் நம்ப மாட்டோம். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை வாளிக்குள் விட்டு, உலர்ந்த ரப்பர் எத்தனை பங்கு, தண்ணீர் எத்தனை பங்கு என்று பார்த்த பிறகுதான் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பேர் ஏறும். அப்படிப் பழகிய கை, பயணப் பெட்டி நிறுக்கும் கைத்தராசு ஒன்றை டவுனில் ஒரு சீனர் சாமான் கடையில் 23 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியதென்றால், நம்பி வாங்கியிருக்காது. மனைவியோடு திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்றுதான்.

சாமான் சின்னது. உள்ளங்கைக்குள் அடங்கும் கைப்பிடி, நடுவில் எண் தெரியும் சில்லு, கீழே பட்டையும் கொக்கியும். 50 கிலோ வரை தூக்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது, 10 கிராம் கணக்கில் காட்டும். உள்ளே ஸ்பிரிங் கிடையாது. பாரம் இழுக்கும்போது ஓர் உலோகத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், அதில் ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை மாறும், அந்த மாற்றத்தை எண்ணாக்கிக் காட்டுகிறது. கடைத் தராசுக்கு 1972-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டப்படி முத்திரை வேண்டும். வீட்டுத் தராசுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே முத்திரை குத்தும் வேலையை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

அதற்கு அரிசி மூட்டை போதும். 10 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டேன், 10.06 வந்தது. பையின் எடையைக் கழித்தால் சரிதான். 5 கிலோ மூட்டை 5.03. ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் 1.54. மூன்றையும் சேர்த்து ஒரு சாக்கில் போட்டுத் தூக்கினாலும் கூட்டுத்தொகை தவறவில்லை. எண் ஆடிக்கொண்டிருக்கும்போது படிக்கக் கூடாது. ஒரு 'பீப்' சத்தம் வந்து எண் நின்றுவிடும், அதுதான் எடை. தூக்குவதற்கு முன்னால் வெறும் பட்டையோடு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பது அடுத்த பழக்கம். கொட்டகையில் வெறும் வாளியை முதலில் நிறுத்துக் கழித்ததும் இதே கணக்குதான்.

அட்டையில் போடாத சங்கடம் ஒன்று இருக்கிறது. 20 கிலோ பெட்டியை ஒரு கையில் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அசையாமல் பிடித்து, குனிந்து எண்ணையும் படிக்க வேண்டும். விளம்பரத்தில் வரும் பெண் சிரித்துக்கொண்டே செய்கிறாள். என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி, எனக்கு இடுப்பு. அதனால் ஸ்டோரில் கிடந்த, தோளில் வாளி தூக்கும் காண்டாக்கம்பை எடுத்தேன். தராசின் கைப்பிடியைக் கயிற்றால் கம்பின் நடுவில் கட்டி, ஆளுக்கொரு முனையாக இருவரும் தூக்கினோம். பெட்டி தரையை விட்டு நாலு விரல் எழும்பினால் போதும், சில்லும் கண்ணுக்கு நேரே வரும். காண்டாக்கம்பு இல்லாத தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்காரர்கள் துடைப்பக் கட்டையை நம்ப வேண்டாம், முறிந்துவிடும். நல்ல இரும்புக் குழாய் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தராசு முதலில் மிச்சம் பிடித்துக் கொடுத்தது பயணப் பெட்டி விற்கும் கடையில். பழைய பெட்டியின் சக்கரம் போய்விட்டதால் புதிது பார்க்க ஈப்போவுக்குப் போனோம், சட்டைப் பையில் தராசும் வந்தது. பார்க்க ஒரே அளவில் இருந்த இரண்டு பெட்டிகளைத் தூக்கினேன். ஒன்று 4.7, மற்றது 3.1. விற்பனைப் பையன் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தான். பார்க்கட்டும். 20 கிலோவுக்குக் காசு கட்டிவிட்டு அதில் ஐந்து கிலோ வெறும் பெட்டியாகவே போனால் மைலோவை எங்கே வைப்பது?

மைலோ என்று சொன்னேன் அல்லவா. இங்கிருந்து ஊருக்குப் போகிறவர்கள் எதைத் தூக்குகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்: 2 கிலோ மைலோ பாக்கெட், கோடாலித் தைலம், போ தேயிலை, பிஸ்கெட் டின். கோடாலித் தைலம் இல்லாமல் போனால் முசிறியில் என் மனைவியின் சொந்தக்காரர்கள் பேச மாட்டார்கள். தைலக் குப்பிகள் முழுவதையும் பெரிய பெட்டிக்குள் அனுப்பிவிடுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் கொள்ளும் எந்தக் குப்பியும் சோதனையைத் தாண்டாது. பவர் பேங்க் இதற்கு நேர் எதிர், பெரிய பெட்டியில் போடவே கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட் மணி. 100 வாட் மணி வரை தடை இல்லை.

ஏர் ஏசியாவில் கைச்சுமை 7 கிலோ. ஒரு பை, ஒரு சின்னப் பை என்று இரண்டு கொண்டுபோகலாம், ஆனால் 7 என்பது இரண்டுக்கும் சேர்த்து. மனைவியின் தோள்பை மட்டும் 2.3 கிலோ! உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. பெரிய பெட்டிக்கு டிக்கெட் எடுக்கும்போதே காசு கட்டிவிட்டால் மலிவு, கவுண்டரில் போய் நின்றால் கிலோவுக்கு இவ்வளவு என்று உருவிவிடுவார்கள். எத்தனை கிலோ வாங்கியிருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. நாங்கள் 20 வாங்கி 19.2-இல் பூட்டினோம். அந்த 800 கிராம் இடைவெளி என் சம்பிரதாயம். இரண்டு தராசுகள் ஒன்றுக்கொன்று அட்சரம் பிசகாமல் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயிலில் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலைய ரயில். டெர்மினல் 2 கடைசி நிறுத்தம், அவசரப்பட்டு டெர்மினல் 1-இல் இறங்கிவிடாதீர்கள். பெட்டி கவுண்டரை 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடுவதால் நாங்கள் ஒரு ரயில் முந்தியே கிளம்பினோம். கவுண்டர் பக்கத்தில் ஒரு குடும்பம் தரையில் பெட்டியைத் திறந்து போட்டு, புடவையை ஒரு பக்கமும் பிஸ்கெட் டின்னை ஒரு பக்கமும் பிரித்துக்கொண்டிருந்தது. பிள்ளை அழுகிறது, அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. எங்கள் பெட்டிக்குக் கவுண்டர் காட்டிய எண் 19.3.

ஆனால் தராசு தன் விலையைச் சம்பாதித்தது திரும்பும்போதுதான். அதனால் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள், இங்கேயே விட்டுவிடாதீர்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் முசிறியில் சாமான் குவிந்தது. முறுக்கு, அதிரசம், அப்பளக்கட்டு, கூடவே ஓர் எவர்சில்வர் குடம். வேண்டாம் என்று நான் சொன்னால் மனக்கசப்பு, மனைவி சொன்னால் அதைவிடப் பெரிய கசப்பு.

"என்ன மாப்பிள்ளை, ரெண்டு டப்பா அதிரசம் தூக்க முடியாதா உங்களால?" என்றார் சின்ன மாமியார்.

நான் பதில் பேசவில்லை. பெட்டியைக் கொக்கியில் மாட்டி, அவர் பேரனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, சில்லை அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினேன். 23.4. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கணக்கை அவரே கையில் எடுத்துக்கொண்டார்: "குடத்த எடுத்துரு. அதிரசம் போகட்டும். அந்தப் போர்வை எதுக்கு, மலேசியாவுல குளிரா அடிக்குது?" கால் மணி நேரத்தில் 19.5. யாருக்கும் முகம் வாடவில்லை, கோபமெல்லாம் தராசின் மேல் போய்விட்டது.

மாம்பழத்தை மட்டும் நானே மறுத்தேன். பழமோ செடியோ விதையோ, அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுவந்தால் இங்கே எல்லைச் சோதனை அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள். கொப்பரைத் தேங்காயும் வேண்டாம். அதில் இருக்கும் எண்ணெய் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம் என்பதால் விமானச் சரக்கில் அது ஆபத்துப் பொருள் பட்டியலில் இருக்கிறது.

இனிக் குறைகள். கைப்பிடி ஓரம் கூர், பெட்டி கனமானால் விரலை அறுக்கிறது, துணி சுற்றிக்கொண்டேன். அலகு மாற்றும் பொத்தானை வெளியிலேயே வைத்திருக்கிறார்கள், பைக்குள் உரசினால் கிலோ போய் பவுண்டு ஆகிவிடும். ஒருமுறை 42 என்று காட்டி வீட்டுக்காரியின் உயிரே போய்விட்டது. எண்ணுக்குப் பக்கத்தில் 'கேஜி' இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளிச்சம் சீக்கிரம் அணைந்துவிடுகிறது. கூடவே கொடுத்த பாட்டரி உப்புச்சப்பில்லாதது.

கடையில் 12 வெள்ளிக்கு இன்னொன்றும் தொங்கியது, கொக்கி பிளாஸ்டிக். அதைத் தொடாதீர்கள். மலேசியாவுக்குள்ளேயே பஸ், ரயில் என்று போகிறவர்களுக்கு இது தேவையில்லை. விமானத்தில் போகிற வீட்டுக்கும் ஒவ்வொன்றாக வாங்க வேண்டியதில்லை, ஒரு தாமானுக்கு ஒன்று போதும். என்னுடையது இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறது, அடுத்த வாரம் அவர்கள் சென்னைக்குப் போகிறார்கள். கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பாட்டரி சிஆர் 2032, கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும், உங்கள் காசில் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.