காம்பி பாய்லர்: சூட்டைக் குறைத்து ஓட்டிய அனுபவம்

லண்டனின் வடமேற்கே, ஹாரோவில், 1930-களில் கட்டிய செமி வீடு (ஒரு பக்கச் சுவர் மட்டும் பக்கத்து வீட்டோடு ஒட்டியது) எங்களுடையது. சமையலறை அலமாரிக்குள் 24 கிலோவாட் காம்பி பாய்லர் ஒன்று. குழாய் வெந்நீரையும், வீட்டைச் சூடாக்க அறைகளில் இருக்கும் ரேடியேட்டர் தகடுகளுக்குள் ஓடும் தண்ணீரையும் கேஸில் சூடாக்குவது இந்த ஒன்றேதான். வீட்டோடு சேர்ந்து வந்தது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. எதுவானாலும் முகப்பில் இரண்டு படங்களும், சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழும் இருக்கும். குழாய்ப் படம் வெந்நீருக்கு, ரேடியேட்டர் படம் வீட்டுச் சூட்டுக்கு. புது மாடல்களில் குமிழுக்குப் பதிலாகப் பொத்தானும் திரையும். இவை இரண்டையும் கூட்டியும் குறைத்தும் வைத்துப் பல குளிர்காலங்களை ஓட்டியாயிற்று.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் தெர்மோஸ்டாட்டில் 19 என்று வைத்தால், அது அறை எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதற்கு. பாய்லரில் ரேடியேட்டர் படத்துக்கு நேரே வைப்பது, ரேடியேட்டருக்குள் போகும் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதற்கு. பாய்லரைப் பொருத்துகிறவர்கள் பெரும்பாலும் இதை 75, 80 என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வீடு சீக்கிரம் சூடாகிவிட்டால் யாரும் கூப்பிட்டுப் புகார் சொல்வதில்லை.

இங்கிலாந்தில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு வீடுகளில் பொருத்திய கேஸ் பாய்லர்கள் அநேகமாக எல்லாமே கண்டென்சிங் வகை. கேஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. பாய்லருக்குள்ளேயே அது தண்ணீராகிவிட்டால், அதிலிருக்கும் சூடும் நமக்குக் கிடைக்கும். கேஸில் இருக்கும் மொத்தச் சூட்டில் அது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். 80-ல் அனுப்பிய தண்ணீர் 60-க்குத் திரும்பி வந்தால், அந்தச் சூடெல்லாம் வெளிச்சுவர் குழாய் வழியே தெருவுக்குப் போகிறது. 2022 டிசம்பரில், கேஸ் விலை எகிறிக் கிடந்த நேரத்தில், இதை 60-க்குக் குறைக்கச் சொல்லி அரசாங்கமே விளம்பரம் செய்தது. நானும் அப்போதுதான் அந்தக் குமிழில் கை வைத்தேன்.

60-ல் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. 55-க்கு வந்ததும் வீட்டின் குணமே மாறியது. முன்பெல்லாம் ரேடியேட்டரின் மேல்பக்கம் கை வைத்தால் சுரீர் என்று இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இப்போது சிறிது நேரம் வைத்திருக்கலாம். தரைப் பலகைக்கு அடியில் பைப்புகள் விரிந்து சுருங்கி டிக் டிக் என்று எழுப்பிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிற்று. பாய்லரும் எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து கிடக்காமல், மெல்லிய தீயில் நீண்ட நேரம் ஓடுகிறது. ஒரு மணி நேரம் வியர்த்து அடுத்த மணி நேரம் நடுங்குவது போய், ஒரே சீராக இருக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான். பணம் மிச்சமாவது இரண்டாம்பட்சம். ஒரு குளிர்காலம் இன்னொன்றைப் போல இருப்பதில்லை என்பதால், பில்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இவ்வளவு குறைந்தது என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை.

தொல்லைகளும் உண்டு. வீடு சூடேற நேரமாகும். காலை டைமரை முன்கூட்டியே தொடங்கும்படி மாற்றி வைத்தோம். ரேடியேட்டர் மேல் போட்ட ஜீன்ஸ் ஒரே ராத்திரியில் காய்வதில்லை. (போடக் கூடாது என்பது வேறு விஷயம். ஈரம் சுவரில் ஏறிப் பூஞ்சை பிடிக்கும்.) வெளியே உறைபனி இறங்கி, பகலிலும் சுழியத்துக்கு மேலே ஏறாத நாட்களில் 55 போதாது. வடக்குப் பார்த்த முன்னறையில் பழைய ஒற்றைத் தகட்டு ரேடியேட்டர்தான். அங்கே தெர்மோஸ்டாட்டில் 19 வைத்தாலும் 17-ஐத் தாண்டாது. அந்த நாட்களில் 65-க்கு ஏற்றுவேன், குளிர் தணிந்ததும் இறக்கிவிடுவேன். வெளியே ஒரு சென்சார் மாட்டினால் பாய்லரே வானிலையைப் பார்த்து இதைச் செய்துகொள்ளும் வசதி உண்டு. ஜெர்மனியில் சர்வசாதாரணம். இங்கே கேட்டால், அதெல்லாம் எதற்கு என்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

அப்புறம் வெந்நீர். காம்பியில் தொட்டி கிடையாது. குழாயைத் திறந்ததும் பாய்லருக்குள் தீ பற்றி, ஓடுகிற தண்ணீரை ஓடும்போதே சூடாக்குகிறது. அந்த நேரம் உள்ளே ஒரு வால்வு திரும்பி, ரேடியேட்டருக்குப் போகும் சூட்டை நிறுத்திவிடும். மாடியில் யாராவது ஷவரில் பாட்டுப் பாடிக்கொண்டே நின்றால், கீழே ரேடியேட்டர் ஆறிப்போவது இதனால்தான். பாய்லர் பழுது இல்லை.

குளிக்க 40 டிகிரி தாராளம். 60-ல் வைத்தால் அதில் பச்சைத் தண்ணீரைக் கலந்துதான் பயன்படுத்த முடியும். அப்போது பாய்லர் வழியே போகும் தண்ணீர் குறைந்துவிடும். அந்தக் குறைந்த ஓட்டத்துக்குத் தீயை அதற்கு மேல் குறைக்க முடியாமல் பாய்லர் அணைந்து அணைந்து எரியும், ஷவரில் சூடும் குளிரும் மாறி மாறி வரும். எங்கள் வீட்டில் 48-ல் வைத்த பிறகு இது போயிற்று. 45-க்கு இறக்கியபோது வேறு தொல்லை. தெர்மோஸ்டாட் வைத்த ஷவர் மிக்சர் ஒழுங்காகக் கலக்க, வரும் வெந்நீர் நாம் கேட்கும் சூட்டைவிடப் பத்து டிகிரியாவது கூட இருக்க வேண்டும். அது இல்லாமல் வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. லண்டன் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்த கடினநீர் வேறு. 60-க்கு மேலே போகப் போக உள்ளே உப்பு வேகமாகப் படியும். கெட்டிலின் அடியில் பிடிக்கிறதே, அதேதான்.

ஊரிலிருந்து அம்மா வந்து தங்கிய குளிர்காலத்தில் புதுச் சிக்கல். அம்மாவுக்கு ஷவர் ஆகாது, வாளியும் சொம்பும்தான். "கீசர் சுவிட்ச் எங்கடா?" என்று தினம் ஒரு முறை கேட்பார். கீசர் மாதிரி இது சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை என்பதை ஏற்கவே அவருக்கு நாளாயிற்று. வாளி நிறைய நேரமாகிறது என்பது அடுத்த புகார். அதில் நியாயம் இருந்தது. ஜனவரியில் மெயின் தண்ணீர் 5 டிகிரியில் வரும். அதை 45-க்கு ஏற்ற 24 கிலோவாட்டால் நிமிடத்துக்கு 8.6 லிட்டர்தான் தர முடியும். 17 டிகிரியில் வரும் கோடைத் தண்ணீர் என்றால் 12.3. குழாயை முழுதாகத் திறந்தால் தண்ணீர் வேகமாக வரும், சூடு வராது. பாதி திறந்து விடுங்கள் என்று சொன்ன பிறகு சரியாயிற்று. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் மட்டும் அவருக்காக 52.

ப்ரீஹீட் என்று ஒரு வசதி உண்டு. சில மாடல்களில் கம்ஃபர்ட் என்று போட்டிருக்கும். யாரும் குழாயைத் திறக்காவிட்டாலும் பாய்லர் அவ்வப்போது எரிந்து, வெந்நீருக்கான பகுதியைச் சூடாகவே வைத்திருக்கும். வெந்நீர் சீக்கிரம் வரும், கேஸும் போகும். எனக்கு அதை அணைத்து வைப்பதுதான் சரி என்று படுகிறது. பாத்திரம் கழுவும்போது கை விறைக்கிறது என்பது மனைவியின் கட்சி. இன்னும் தீர்ப்பு வரவில்லை.

ரேடியேட்டர் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் முள், பாய்லர் ஆறிய நிலையில் 1-க்கும் 1.5 பாருக்கும் நடுவே இருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பேன். முகப்புக் குமிழ்களை நாமே திருப்பலாம். மூடியைக் கழற்றும் வேலை என்றால் கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் பதிவேடு) பதிவு உள்ளவர்தான் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, வெந்நீர்த் தொட்டி வைத்த வீட்டுக்காரர்கள் வெந்நீர்ச் சூட்டைக் குறைத்துவிட வேண்டாம். தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும் என்பதால், தொட்டியில் 60 டிகிரி இருந்தாக வேண்டும். காம்பி வைத்திருப்பவர்களிலும், கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்து வீட்டுக்குள் இடுக்கு வழியே குளிர்காற்றும் நுழைந்தால், ரேடியேட்டர் சூட்டில் 55-க்காகப் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். 65-ல் வைத்துக்கொண்டாலே 80-க்கு எவ்வளவோ மேல்.