புது கேமிங் பிசியில் முதலில் எந்த கேம்? நான்கையும் ஆடிப் பார்த்த பிறகு

பிசியின் பாகங்களைப் பூட்டி, விண்டோஸ் ஏற்றி, டிரைவர் எல்லாம் போட்டு முடிக்கும்போது ராத்திரி பதினொன்றரை. அடுத்த கேள்வி அப்போதே வந்துவிட்டது: முதலில் எதை இறக்குவது?

ரைசன் 5 7600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி, ஃபுல் எச்டியில் நொடிக்கு 144 படம் வரை காட்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். கேபினெட்டும் பவர் சப்ளையும் சென்னை போனபோது ரிச்சி தெருவில் கையால் தொட்டுப் பார்த்து வாங்கியவை. மீதி எல்லாம் ஆன்லைன். நடுத்தர மெஷின்தான். ஆனாலும் எட்டு வருடமாக ஆபீஸ் லேப்டாப்பில் பழைய கேம்களையே ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு, இனி எதைக் கேட்டாலும் ஓட்டிக் காட்டும் என்ற தெம்பு வந்துவிட்டது.

பிசி கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமின் தள்ளுபடியில் நான்கு கேம் எடுத்தேன்: சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, எல்டன் ரிங், பால்டர்ஸ் கேட் 3. நான்குமே பேர் வாங்கிய கேம்கள். கலையாக எது உசத்தி என்ற வழக்குக்கு நான் வரவில்லை. வேலை முடித்து வீட்டுக்கு வந்து, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, ராத்திரி ஒன்றரை மணி நேரம் மட்டும் கிடைக்கிற ஒருவர் எதைத் தொடங்கினால் பாதியில் விடாமல் போவார் என்பதுதான் எனக்கு முக்கியம். சிடி காலத்தைப் போல முடித்ததும் நண்பரிடம் கைமாற்றி விடவும் முடியாது. ஸ்டீமில் வாங்கியது நம் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். ஆடாமல் கிடந்தால் காசு கிடப்பில்தான். அந்தக் கணக்கில் என் தேர்வு பால்டர்ஸ் கேட் 3.

சேமிப்பு இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1 டிபி என்று எழுதியிருந்தாலும் விண்டோஸ் 931 ஜிபிதான் காட்டும். ரெட் டெட் 2, பால்டர்ஸ் கேட் 3 இரண்டும் தலா 150 ஜிபி கேட்கின்றன. சைபர்பங்க் 70, எல்டன் ரிங் 60. நான்கும் சேர்ந்து 430 ஆயிற்று. என் வீட்டு 40 எம்பிபிஎஸ் இணைப்பில் 150 ஜிபி இறங்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரி படுக்கும்போது போட்டுவிட்டால் காலையில் தயாராக இருக்கும். அதனால் எதை முதலில் இறக்குகிறோமோ அதைத்தான் முதலில் ஆடுவோம்.

காசே வேண்டாம் என்றால் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 இருக்கிறது, வேலரண்ட் இருக்கிறது. இரண்டும் ஆன்லைனில் அணியாக ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம்கள். கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கு அதன் நிறுவனமான வால்வ் சென்னையிலேயே சர்வர் வைத்திருப்பதால் தமிழ்நாட்டிலிருந்து ஆடுகிறவர்களுக்கு பிங், அதாவது சர்வருக்குப் போய் வரும் தாமதம், குறைவாகவே இருக்கும். கல்லூரி நண்பர்கள் நாலு பேர் தினமும் ஒரே நேரத்துக்கு வருவார்கள் என்றால் யோசிக்காமல் அதையே எடுங்கள். ஒரு மேட்ச் அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை போகும். நடுவில் எழுந்து போனால் அணியே தவிக்கும், அடுத்த மேட்சுக்குத் தடையும் விழும். என் வீட்டு நேரத்துக்கு அது ஒத்துவரவில்லை.

புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிய எல்லோருக்கும் முதலில் கை போகும் இடம் சைபர்பங்க். எனக்கும் அப்படித்தான். போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் 2020 டிசம்பரில் வெளியிட்டபோது அது பிழைகள் மலிந்து இருந்த நிலையில், சோனி தன் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்தே சில மாதம் எடுத்துவிட்டது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு ஆடுகிறவர்கள் அந்தக் கஷ்டம் எதையும் பார்க்க வேண்டியதில்லை. திறன் மரம் (நாயகனின் திறமைகளை வளர்க்கும் பட்டியல்), போலீஸ் துரத்தும் முறை எல்லாவற்றையும் திருப்பி எழுதியிருக்கிறார்கள். கேம் நடக்கும் நைட் சிட்டி நகரத்தில் மழை பெய்த தெருவில் நியான் விளக்குகள் தண்ணீரில் நெளிவதை முதல் தடவை பார்த்தபோது, செலவழித்த பணம் செரித்துவிட்டது. ரே டிரேசிங் (ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிட்டுக் காட்டும் முறை) இல்லாமல் ஹை அமைப்பில் என் மெஷினில் நொடிக்கு 80 ஃபிரேமை ஒட்டி ஓடுகிறது. ரே டிரேசிங் போட்டால் டிஎல்எஸ்எஸ் (சிறிய படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்கி ஃபிரேமைக் கூட்டும் வசதி) துணை வேண்டும். அதற்கும் மேலே உள்ள பாத் டிரேசிங்குக்கு என்னுடையது போன்ற 8 ஜிபி கார்டு ஏற்றதல்ல. புது பிசியின் பலத்தைப் பார்க்க கேமுக்குள்ளேயே பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனை வசதி இருக்கிறது. பார்ட்ஸ் எல்லாம் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

ரெட் டெட் 2 வேறு மாதிரி அழகு. 1899ஆம் ஆண்டு அமெரிக்கா, கொள்ளைக் கூட்டம் ஒன்றின் அந்திமக் காலம். சேற்றில் குதிரைக் குளம்பு பதிந்த தடம் அப்படியே நிற்கும். பனியில் நாயகன் ஆர்தர் மார்கன் முழங்கால் புதைய நடந்தால் பின்னால் ஒரு வாய்க்காலே விழும். 2019இல் பிசிக்கு வந்த கேம் என்று நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் தொடக்கப் பனி அத்தியாயம் மட்டுமே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இழுக்கும். ஸ்டீமில் பணம் திரும்பக் கேட்க வேண்டுமானால் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும். கேம் உண்மையில் விரிகிற இடத்துக்கு நாம் வரும்போது அந்தக் கெடு முடிந்திருக்கும். நிதானமாகப் போகிற கதை பிடிக்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்டன் ரிங்கை நான் 15 மணி நேரம்தான் ஆடியிருக்கிறேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். உலகம் பிரமாதம். சண்டை கடுமை. பிசியிலும் அது 60 ஃபிரேமுக்கு மேல் போகாது என்பதால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்களுக்கு அதில் பலன் இல்லை. கீபோர்டில் ஆடிப் பார்த்து, மூன்றாம் நாள் ஒரு கன்ட்ரோலர் வாங்கினேன். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இனி நான் முடிவெடுத்த காரணத்துக்கு வருகிறேன். விமர்சனங்களில் இது ஒரு வரியோடு போய்விடும், வீட்டில் ஆடுகிறவருக்கு இதுதான் எல்லாம்: நினைத்த நிமிடம் நிறுத்திவிட்டு எழுந்து போக முடியுமா? கரண்ட் போனால் எவ்வளவு ஆட்டம் தொலையும்? பத்து நாள் கழித்து வந்து உட்கார்ந்தால் விட்ட இடம் புரியுமா?

நான் இருப்பது திருச்சிக்கு வெளியே. ஆடிக் காற்று ஆரம்பித்தால் ராத்திரி இரண்டு தடவையாவது கரண்ட் போய் வரும். என்னிடம் இருப்பது 600 விஏ யூபிஎஸ், பேட்டரிக்கு மூன்று வயது. சும்மா பிரவுசர் திறந்திருந்தால் பத்து நிமிடம் தாங்கும். கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சில் ஓடும்போது இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை. ஃபேன் நின்று, யூபிஎஸ் பீப் அடிக்க ஆரம்பித்ததும் கை எங்கே போக வேண்டும் என்பது கேமுக்கு கேம் மாறுகிறது.

ரெட் டெட் 2இல் கதை மிஷன் நடுவே நாமாக சேவ் செய்ய முடியாது. மிஷன் ஓடும் வரை செக்பாயின்ட் இருக்கும். செத்தால் அங்கிருந்து தொடரலாம். வெளியே வந்துவிட்டால் மிஷனை முதலிலிருந்து ஆட வேண்டும். ஒரு ராத்திரி அரை மணி நேர மிஷன் ஒன்றின் கடைசிக் கட்டத்தில் கரண்ட் போய், பீப் சத்தத்தைக் கேட்டபடி மிச்சத்தை முடித்துவிடலாம் என்று ஓட்டினேன். முடியவில்லை. மறுநாள் எனக்குக் கிடைத்த நேரத்தில் பாதி, பார்த்ததையே பார்ப்பதில் போயிற்று.

எல்டன் ரிங் இதற்கு நேர் எதிர். அது தானே சேவ் செய்துகொண்டே இருக்கும், திரும்ப வந்தால் நின்ற இடத்திலேயே நிற்கலாம். கரண்ட் விஷயத்தில் அதற்கு முழு மதிப்பெண். ஆனால் வழக்கமான பாஸ் கிடையாது. மெனுவைத் திறந்தாலும் உலகம் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளை கூப்பிட்டால் சண்டையை விட்டுவிட்டுச் சாக வேண்டியதுதான். போதாததற்கு அதில் பணிகளைக் குறித்துவைக்கும் நாட்குறிப்பும் இல்லை. யார் எங்கே வரச் சொன்னார்கள் என்பதை நாமே நினைவில் வைத்திருக்க வேண்டும். தினமும் ஆடுகிறவருக்கு அதுவே சுகம். வாரத்துக்கு மூன்று ராத்திரி ஆடும் எனக்கு ஒவ்வொரு தடவையும் அறிமுகமில்லாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கிய மாதிரி இருந்தது.

சைபர்பங்க் இந்த விஷயத்தில் தாராளம். மெனு போனால் நிற்கும், எஃப்5 அடித்தால் சேவ் ஆகும். சண்டை நடுவிலும் சில காட்சிகளிலும் மட்டும் விடாது. அதுவும் அடிக்கடி தானாகச் சேவ் செய்வதால் போனால் ஐந்து பத்து நிமிடம் போகும். பணி விவரங்கள் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். இரண்டாம் இடத்தை அதற்கு யோசிக்காமல் கொடுப்பேன்.

பால்டர்ஸ் கேட் 3இல் இந்தக் கவலையே இல்லை. பெல்ஜியத்தின் லாரியன் 2023 ஆகஸ்டில் முழுமையாக வெளியிட்ட கேம் இது. அதற்கு முன்பே ஏறக்குறைய மூன்று வருடம் முதல் பகுதியை ஆட விட்டு மெருகேற்றினார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகள்தான் அடிப்படை. சண்டை முறைவைத்து நடக்கும்: நம் முறை வந்தால் நாம் ஏதாவது செய்கிற வரை எதிரி நின்றுகொண்டே இருப்பான். சண்டை நடுவிலும் எஃப்5 வேலை செய்யும், பேச்சு நடுவிலும் செய்யும். பீப் கேட்டதும் விரல் தானாக அங்கே போய்விடுகிறது. பிறகு ஷட்டவுன் செய்ய நேரமும் மிச்சம் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை ராத்திரி காவல் நிற்கும் ஒருவனைப் பேசியே சம்மதிக்க வைக்கப் பார்த்தேன். திரையில் இருபது முகப் பகடை வந்து நின்றது, மேலே எட்ட வேண்டிய எண் 15. அந்த நேரம் பாப்பா அழுதாள். எழுந்து போய்விட்டேன். தோளில் போட்டுத் தட்டிக் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி தூங்க வைத்துவிட்டு வர நாற்பது நிமிடம். பகடை அப்படியே காத்திருந்தது. உருட்டினேன்: 11. என் அணியில் வரும் ஷேடோஹார்ட்டின் கைடன்ஸ் மந்திரம் 2 சேர்த்தது. 13. தோற்றுப்போய் சண்டை மூண்டது, அதுவும் அருமையான சண்டை. தோற்றாலும் கதை வேறு வழியில் நகர்வதால் தோல்வியே ருசியாக இருந்தது.

இன்னொன்று நான் எதிர்பாராதது. என் மனைவி கேம் ஆடுகிறவர் இல்லை. ஆனால் பேச்சுக் கட்டங்களில் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். ஆந்தை முகத்தோடு ஒரு கரடிக்குட்டி வரும் குகை இருக்கிறது. நான் தாயோடு சண்டைக்குத் தயாரானபோது, "ஏங்க, அதுபாட்டுக்குக் குட்டியோட இருக்கு, விட்டுட்டு வாங்க" என்றார். விட்டுவிட்டு வந்தேன். இப்போது முக்கியமான முடிவுகளை இரண்டு பேரும் சேர்ந்துதான் எடுக்கிறோம். பதிலைத் தேர்ந்தெடுக்க நேரக் கெடு இல்லாததால் ஆங்கிலத்தை நிதானமாகப் படித்து, நமக்குள் தமிழில் விவாதித்து, பிறகு அழுத்தலாம். நான்கு கேமிலும் தமிழ் இல்லை. சைபர்பங்கில் ஆட்கள் கடகடவென்று பேசிக்கொண்டே போவார்கள், சில பதில்களுக்கு நேரக் கெடுவும் உண்டு.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கிராபிக்ஸ் கார்டின் பலத்தைக் காட்டுவதில் இது சைபர்பங்க்குக்கு அருகில் வராது. மேலிருந்து பார்க்கிற கோணத்தில்தான் பெரும்பாலும் ஆடுவோம். முதல் நான்கைந்து மணி நேரம் விதிகளைப் பிடித்துக்கொள்ளவே போகும். எந்தச் செயல் எந்த முறையில் செலவாகிறது என்று புரியும் வரை எனக்கும் தலை சுற்றியது. மூன்றாம் அத்தியாயத்தில் நகரத்துக்குள் போனதும் சுமை பிராசசர் பக்கம் திரும்புகிறது. அங்கே இன்னும் 6 மணி நேரம்தான் ஆடியிருக்கிறேன். 100 ஃபிரேம் காட்டிய இடத்தில் 65 காட்டுகிறது. ஆடும் விதத்தில் எனக்குத் தொந்தரவு தெரியவில்லை. பழைய பிராசசரை வைத்துக்கொண்டு கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றியவர்கள் இதை மனதில் வைக்கவும்.

தொடங்குகிறவர்களுக்கு மூன்று விஷயம். தானாகச் சேவ் ஆவதை நம்ப வேண்டாம், அது எப்போதாவதுதான் நடக்கும். எஃப்5 பழக்கமாக வேண்டும். ஹானர் மோடு என்ற கடினமான ஆட்ட முறையின் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம், அதில் ஒரே ஒரு சேவ்தான், பின்னால் போய்த் திருத்த முடியாது. கணினி ஹாலில் இருந்தால் ஆப்ஷன்ஸில் நிர்வாணக் காட்சிகளை மறைக்கும் அமைப்பை முதலிலேயே போட்டுவிடுங்கள். இது பெரியவர்களுக்கான கேம், பிள்ளைகள் முழித்திருக்கும்போது ஆடக் கூடாது. சைபர்பங்குக்கும் இதே பேச்சுதான்.

இப்போது என் எஸ்எஸ்டியில் பால்டர்ஸ் கேட் 3உம் சைபர்பங்கும் இருக்கின்றன. எல்டன் ரிங்கை நீக்கிவிட்டேன். ரெட் டெட் 2ஐ நீக்க மனம் வரவில்லை, அதுவும் இருக்கிறது. பொங்கலுக்கு மனைவியும் பாப்பாவும் ஊருக்குப் போகும் நான்கு நாள் எனக்கு முழு ராத்திரிகள் கிடைக்கும். அதற்குள் யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டுவிட வேண்டும்.