பழைய பிக்கப்பில் லைட் மக்கர்: பல வருட வயரிங் அனுபவம்

என்னுடையது 2004 மாடல் டீசல் பிக்கப். ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), சென்சார் எதுவும் கிடையாது. ஒரு பேட்டரி, ஒரு ஆல்டர்னேட்டர், ஒரு பியூஸ் பாக்ஸ், நடுவில் நீள நீளமாக வயர். இவ்வளவு எளிமையான வண்டி எப்படி இத்தனை விதமாக மக்கர் பண்ணுகிறது என்று கேட்டால், நான் பார்த்தவரை பாதிக்கு மேல் ஒரே பதில்தான்: எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போகும் பாதை.

நாகப்பட்டினத்தில் மீன் ஏற்றி திருவாரூர், தஞ்சாவூர் பக்கம் ஓடும் வண்டி இது. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் லோடு பாடி வழியே ஒழுகி, டெயில் லைட் வயர்களை இணைக்கும் கப்ளர் மேலேயே சொட்டும். அந்த இடத்தில் வயரை உரித்துப் பார்த்தால் செம்பு தெரியாது, பச்சைக் களிம்புதான் தெரியும்.

பிரேக்கை மிதித்தால் பிரேக் லைட் மங்கலாக எரியும், கூடவே டேஷ்போர்டு லைட்டும் லேசாக எரியும். ஒர்க்ஷாப்பில் ஸ்டீயரிங் அடியில் இருக்கும் காம்பினேஷன் சுவிட்சை மாற்றச் சொன்னார்கள். அதற்கு முன் பின்னால் போய்ப் பார்த்ததில் காசு மிச்சம். அந்தப் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. 21 வாட் இழை பிரேக்குக்கு, 5 வாட் இழை பார்க்கிங்குக்கு. இரண்டுக்கும் எர்த் ஒன்றேதான். அது அறுந்துவிட்டால் பிரேக் கரண்ட் 5 வாட் இழைக்குள் புகுந்து, பார்க்கிங் வயரில் எதிர்த் திசையில் ஏறி, முன்பக்கப் பல்பு, டேஷ்போர்டு பல்பு என்று வேறு வழியில் எர்த்தைத் தேடிப் போகும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்கும் கோளாறும் பெரும்பாலும் இதே வகைதான்.

கண்டுபிடிக்க ஒரு நீள வயர் போதும். ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை அந்த லைட்டின் எர்த்தில். தொட்டதும் சரியானால் வேறு எதையும் கழற்ற வேண்டாம். பிக்கப்பில் லோடு பாடிக்கும் சேசிஸுக்கும் (அடிச்சட்டம்) நடுவே ரப்பர், பெயிண்ட், துரு எல்லாம் இருக்கிறது. பாடியே எர்த் என்று நம்பி விட முடியாது. இரண்டு டெயில் லைட்டுக்கும் தனி எர்த் வயர் இழுத்து, சேசிஸில் பெயிண்டைச் சுரண்டி போல்ட் போட்டேன். அதற்கப்புறம் அந்தத் தொல்லை இல்லை.

மல்டிமீட்டர் வாங்குங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். களிம்பேறி ஒற்றைச் செம்புக் கம்பியில் தொங்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். பல்பு மாட்டினால்தான் வண்டவாளம் தெரியும். பழைய பிரேக் பல்பும் ஹோல்டரும் இரண்டு வயரும் சேர்த்துச் செய்த டெஸ்ட் லாம்ப்தான் நான் அதிகம் கையில் எடுப்பது. மீட்டரை வைப்பதாக இருந்தால் லைட் எரியும்போது வையுங்கள்: கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை பல்பின் எர்த்தில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் தடை இருக்கிறது.

ஹெட்லைட் கதை வேறு. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், ஹெட்லைட் ஹோல்டரில் 12 கூட இல்லை. என் வண்டியில் டிம் பல்புகள் இரண்டும் 55 வாட், சேர்ந்து ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவும் ஸ்டீயரிங் அடியில் இருக்கும் சின்னச் சுவிட்ச் வழியாகப் போய்வந்தது. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே போட்டேன்; ரிலே என்றால் சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச். பழைய ஹெட்லைட் வயர் 85, 86 பின்களை மட்டும் இயக்கும். பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக நேராக 30-க்கு வந்து, 87-இலிருந்து லைட்டுக்குப் போகும். இப்போது ஹோல்டரில் 13.6 வருகிறது, சுவிட்ச் சூடாவதும் நின்றுவிட்டது. இந்த வண்டிக்குச் செய்த செலவில் நான் மறுபடியும் செய்யத் தயாராக இருப்பது இதுதான்.

வெளிச்சம் போதவில்லை என்றால் கடையில் 100/90 வாட் பல்பை நீட்டுவார்கள். பழைய வயருக்கும் பிளாஸ்டிக் ஹோல்டருக்கும் அது எமன். எல்இடி பல்பும் போட்டுப் பார்த்துக் கழற்றிவிட்டேன். இழை பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் வெளிச்சம் சிதறி, எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கிறது.

ராத்திரியில் பேட்டரி இறங்குவதும் ஒருமுறை வந்தது. நெகட்டிவைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து நடுவில் கோத்துப் பார்த்தேன். அந்த நேரம் செல்ஃப் மட்டும் அடிக்கக் கூடாது, மீட்டர் பியூஸ் போய்விடும். எல்லாம் அணைத்திருக்கும்போது 50 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடினால் தேட வேண்டியதுதான். ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கியும் அளவு குறையவில்லை, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றியதும் விழுந்தது. உள்ளே, கரண்டை ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய டயோடில் கசிவு.

ஜாயின்ட் விஷயத்தில், முறுக்கி டேப் சுற்றியதெல்லாம் சித்திரை வெயிலில் பசை உருகி, ஐப்பசி மழையில் தண்ணீர் குடித்துவிட்டது. லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) வைத்து அழுத்தி கிரிம்ப் செய்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போட்டவை இன்னும் நிற்கின்றன. மழைக்கு முன் கப்ளர்களைக் கழற்றித் துடைத்து, பேட்டரி டெர்மினலுக்கு வாசலின் பூசுவேன்.

தீராதது ஒன்று இருக்கிறது. ஹெட்லைட் போட்டால் டீசல் முள் கொஞ்சம் நகர்கிறது. டேஷ்போர்டு எர்த்தாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் கழற்றினால் வெயிலில் காய்ந்த கிளிப்புகள் ஒன்றுகூட மிஞ்சாது. அதனால் ராத்திரியில் டீசல் பார்க்க வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்தி, லைட்டை அணைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.