சித்தப்பாவின் ஈரல் எம்ஆர்ஐ: ஊர்ப் பயணத்தில் கண்டது

இந்த விடுமுறையில் ஊரில் இருந்த நாட்களில் பாதி ஸ்கேன் சென்டரிலும் ஆஸ்பத்திரியிலும் போனது. சித்தப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய். பல வருட ஹெபடைட்டிஸ் பி, அதனால் ஈரல் சுருக்கம், அதில் கட்டிகள். வெளிநாட்டிலிருந்து வந்து சொந்தக்காரர்களின் வைத்தியத்தைக் கவனிக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் எம்ஆர்ஐ எடுத்த இடத்தின் பெயர் வேண்டாம். ரிப்போர்ட்டில் கட்டிகளின் அளவும் இடமும் தவிர ஒன்றும் இல்லை. ஃபிலிம் கொடுத்தார்கள், சிடி தரவில்லை. எந்த வைத்தியம் அவருக்குப் பலன் தரும் என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது போதவில்லை.

அடுத்துப் போன புற்றுநோய் மருத்துவமனையில் திரும்ப எடுத்தார்கள். அங்கே இருந்த டெக்னீசியன் தம்பியை மறக்க முடியாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைப் பார்த்து, உடம்பில் பேஸ்மேக்கர், கிளிப் ஏதும் உண்டா என்று விசாரித்த பிறகு, "ஐயா, மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று வெளியிலேயே பலமுறை பழக்கிவிட்டார். காரணம் இருக்கிறது. படத்தில் கட்டி தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் ஊசி போட்ட சுமார் அரை நிமிடத்தில் மருந்து தமனி வழியாக ஈரலுக்கு வந்துவிடும். அந்தச் சில நொடிப் படம் மூச்சு அசைவில் கலங்கினால், அதற்காக இன்னொரு முறை ஊசி போட வேண்டியதுதான்.

ரேடியாலஜி டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துத் திரையில் காட்டினார். நல்ல ஈரலுக்கு முக்கால் பங்கு ரத்தம், குடலிலிருந்து ஈரலுக்கு வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. இந்தக் கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வளர்கிறது. அதனால் முதலில் பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றியுள்ள ஈரலைவிடக் கறுத்துப்போகிறது. ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு இந்த அடையாளங்கள் தெளிவாக இருந்தால் திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி இல்லாமலே நோயை உறுதிசெய்ய முடியும்.

சிகிச்சைக்குப் பின் என்ன ஆகும் என்பதற்கான குறிப்புகளும் அதே படங்களில் கிடக்கின்றன என்பதுதான் எனக்குப் புதிது. அவர்கள் போட்ட கான்ட்ராஸ்ட் மருந்து, ஈரல் செல்கள் உறிஞ்சிக்கொள்ளும் காடாக்செடிக் அமிலம். சுமார் 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் நல்ல ஈரல் வெளுத்து நிற்கும். அப்போது கட்டியின் ஓரம் வழவழப்பாக இல்லாமல் பிசிறடித்தாலோ, கட்டியைச் சுற்றி இருண்ட பட்டை தெரிந்தாலோ, கண்ணுக்குத் தெரியாத சிறு ரத்தக்குழாய்களில் நோய் நுழைந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானவர்களுக்கு அறுவைக்குப் பிறகு நோய் சீக்கிரமே திரும்ப வரக்கூடும். இது தீர்ப்பு அல்ல, சாத்தியம்தான் என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். ஏஎஃப்பி என்ற கட்டிக்கான ரத்தப் பரிசோதனை, மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின், ஈரலின் மிச்ச பலம் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டரே படத்தை அலசிப் பலனைக் கணிக்குமாமே என்று கேட்டேன். ஆராய்ச்சிகள் நிறைய நடக்கின்றன. ஆனால் ஒரு மருத்துவமனையின் படங்களில் நன்றாக வேலை செய்வது வேறு மெஷின் படங்களில் சறுக்குகிறதாம். அதை மட்டும் நம்பி வைத்தியத்தை முடிவு செய்ய மாட்டோம் என்றார். அந்த நேர்மை எனக்குப் பெரிய நிம்மதி.

கட்டிகள் பல இருந்ததால் அறுவை சரிப்படவில்லை. தமனி வழியாகவே கட்டிக்குக் கீமோ மருந்தைச் செலுத்தி ரத்த ஓட்டத்தை அடைக்கும் டேஸ் சிகிச்சை செய்தார்கள். நான் திரும்பிய பிறகுதான், ஒரு மாதம் கழித்து அடுத்த எம்ஆர்ஐ. அளவு ஏறக்குறைய அப்படியே இருப்பதைப் பார்த்து வீட்டில் அழுதுவிட்டார்கள். டாக்டரம்மா போனிலேயே விளக்கினார்: செத்த கட்டி உடனே சுருங்காது, அதில் இன்னும் பளிச்சிடும் பகுதி எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். அது பெருமளவு குறைந்திருந்தது.

இப்போது என் தம்பியிடம் இரண்டே விஷயம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் டைகாம் படங்கள் (ஸ்கேனின் மூல டிஜிட்டல் படங்கள்) உள்ள சிடியைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த ஸ்கேனும் அதே இடத்தில், அதே கான்ட்ராஸ்ட் மருந்தோடு எடுக்க வேண்டும். அப்போதுதான் பழைய படத்தோடு நேராக ஒப்பிட முடியும்.