உமணரைத் தேடிய பத்தாண்டுகள்: ஷோத்கங்கா பயன்பாட்டு அனுபவம்

முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்த 2013ஆம் ஆண்டிலிருந்து ஷோத்கங்கா தளத்தைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். முதலில் பிறருடைய ஆய்வேடுகளைப் படிக்கும் மாணவனாக, பிறகு என் ஆய்வேட்டை அதில் ஏற்றக் கொடுத்தவனாக, இப்போது அரசுக் கல்லூரி ஒன்றில் ஆய்வு மாணவர்களை வழிநடத்தும் நெறியாளனாக, மூன்று நிலைகளிலும் அதனோடு பழகியிருக்கிறேன். தமிழ் ஆய்வுக்கு அத்தளம் எவ்வளவு பயன்படுகிறது, பயன்பட வேண்டிய அளவுக்கு ஏன் பயன்படாமல் இருக்கிறது என்பதைத் தமிழ்த்துறை மாணவர்களுக்கு உதவும் வகையில் எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இந்தியப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் முனைவர் பட்ட ஆய்வேடுகளை யாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி சேர்த்து வைக்கும் மின் களஞ்சியம் இது. காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. ஆய்வேட்டின் மின்படியைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி வகுத்ததே இதற்கு அடிப்படை. 2016, 2022ஆம் ஆண்டு விதிமுறைகளும் அதை உறுதிசெய்தன. இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இதில் உள்ளன. நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் முன்வரைவுகளுக்கு ஷோத்கங்கோத்ரி என்ற தனிக் களஞ்சியமும் உண்டு. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பு அதையும் பார்ப்பது நல்லது.

இத்தளம் பரவலாவதற்கு முன்பு ஒரு ஆய்வேட்டைப் பார்ப்பது எத்தகைய வேலை என்பது இன்றைய மாணவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நான் எடுத்துக்கொண்ட பொருள் சங்க இலக்கியத்தில் உமணர், அதாவது உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்று நெல்லுக்கு மாற்றிய வணிகர். அதற்கு நெருக்கமான நெய்தல் திணை ஆய்வு ஒன்று வேறொரு பல்கலைக்கழகத்தில் இருப்பதாக நெறியாளர் ஐயா சொல்ல, துறைத் தலைவரிடம் அறிமுகக் கடிதம் வாங்கி, இரவுப் பேருந்தில் ஏறிக் காலையில் போய் நூலக வாசலில் நின்றேன். ஆய்வேட்டுப் பிரிவுக்குப் பொறுப்பானவர் அன்று விடுப்பு. மறுநாள் ஆய்வேடு கைக்கு வந்தது. நகலெடுக்க அனுமதி இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பது பக்கக் குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டு திரும்பினேன். அதே ஆய்வேடு சில ஆண்டுகள் கழித்து ஷோத்கங்காவில் ஏறியபோது, விடுதி அறையில் இருந்தபடியே அதன் ஐந்து இயல்களையும் ஒரே மாலையில் மறுபடி படித்தேன். நான் அவசரத்தில் தவறாகக் குறித்திருந்த இரண்டு பாடல் எண்களைத் திருத்திக்கொள்ள முடிந்தது. ஊர் விட்டு ஊர் போகப் பணமில்லாத மாணவருக்கும், வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவருக்கும் இதைவிடப் பெரிய உதவி ஒன்றைப் பொதுப் பல்கலைக்கழக அமைப்பு செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

படிக்கும் முறையைப் பொறுத்தவரை, ஆய்வேடு முழுவதும் ஒரே கோப்பாக இல்லாமல் முகப்பு, சான்றிதழ், உள்ளடக்கம், இயல்கள், துணைநூற்பட்டியல் எனத் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். தொடக்கத்தில் ஒவ்வொன்றாக இறக்குவது சலிப்பாக இருந்தது. பழகிய பிறகு அதுவே வசதியாகிவிட்டது. நான் முதலில் துணைநூற்பட்டியலைத் திறப்பேன். ஆய்வாளர் எந்த உரைகளை, எந்தப் பதிப்புகளைக் கையாண்டார் என்பது அதில் தெரிந்துவிடும். அடுத்து முடிவுரை. பட்டியலின் இறுதியில் பரிந்துரை என்ற பெயரில் இருக்கும் கோப்பில் பெரும்பாலும் முகப்பும் முடிவுரையும் சேர்ந்தே இருப்பதால் அதை மட்டும் இறக்கினாலே போதும். இந்த இரண்டையும் பார்த்த பிறகு இயல்களைப் படிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் 10603 என்ற முன்னெண்ணோடு நிலையான எண் ஒன்று தரப்பட்டிருக்கிறது. அடிக்குறிப்பில் அந்த எண்ணைக் கொடுத்துவிட்டால் தளத்தின் அமைப்பு மாறினாலும் ஆய்வேட்டை மீண்டும் எடுக்கலாம் என்பதால், மேற்கோள் காட்டும்போது அதைத் தவறாமல் சேர்க்கும்படி மாணவர்களிடம் சொல்கிறேன்.

இனி நான் நீட்டி எழுத விரும்புவது தேடல் பற்றி. தேடல் பெட்டியில் ‘உமணர்’ என்று தமிழில் அடித்துத் தேடிய முதல் நாள், என் பொருளில் யாருமே ஆய்வு செய்யவில்லை என்று நம்பினேன். அது எவ்வளவு தவறான முடிவு என்பது பல மாதங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. களஞ்சியத்தில் இருக்கும் தமிழ் ஆய்வேடுகளில் பெரும் பகுதி தமிழ்ச் சொல்லால் தேடக் கிடைக்காது. அதற்குக் காரணம் களஞ்சியத்தின் மென்பொருளில் இல்லை. நாம் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுத்த விதத்தில் இருக்கிறது.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. 2010இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. ஆனால் பல்கலைக்கழக வாசலில் இருக்கும் டி.டி.பி. கடைகளில் ஆய்வேடுகள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களிலேயே உருவாயின. கடைக்காரர்கள் பயன்படுத்திய பேஜ்மேக்கர் மென்பொருள் ஒருங்குறித் தமிழைக் கையாளாது. அவர்களுடைய விரல்களும் பழைய விசைப்பலகைக்கே பழகியவை. அச்சிட்டுக் கட்டமைத்துத் தருவதற்கு அது போதுமாகவும் இருந்தது. மின்படியாகும்போதுதான் சிக்கல் எழுகிறது. பாமினியில் அடித்த ‘உமணர்’ என்ற சொல் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்கு அது சி, கே, இசட், யு, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள் மட்டுமே. ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான். அப்படிப்பட்ட கோப்பை எந்தத் தேடுபொறியும் தமிழ் உரையாக அறிந்துகொள்ளாது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு ஒரு வழி பிறந்தது. தலைப்பை வைத்து நெய்தல், வணிகம், உப்பு, திணை என்று தொடர்புடைய ஆய்வேடுகளை இறக்கிக்கொள்வேன். அவை பாமினியில் இருந்தால், கோப்புக்குள் தேடும் பெட்டியில் அந்த ஆங்கிலக் குறிகளையே அடிப்பேன். ‘உமணர்’ வரும் இடங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். ‘உப்பு’ என்று தேட சி, சிறிய ஜி, அரைப்புள்ளி, பெரிய ஜி. இங்கே சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்கும் தெரிவை இயக்கிவிட வேண்டும், ஏனெனில் பாமினியில் சிறிய ஜி ‘ப’, பெரிய ஜி ‘பு’. இந்த முறையில் எனக்கு மட்டும் பதினொரு ஆய்வேடுகளில் உமணர் பற்றிய பகுதிகள் கிடைத்தன. அவற்றுள் இரண்டில் ஒரு முழு உட்தலைப்பே இருந்தது.

தலைப்புகளிலும் கவனம் தேவை. பதிவேற்றும்போது தமிழ்த் தலைப்பைச் சிலர் தமிழிலேயே கொடுக்கிறார்கள். சிலர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறார்கள். பலர் ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்க்கிறார்கள். ஒலிபெயர்ப்பிலும் ஒழுங்கு இல்லை. ‘சங்க’ என்பதை எஸ் எழுத்தில் தொடங்குபவர் உண்டு, பேரகராதி முறைப்படி சி எழுத்தில் தொடங்குபவர் உண்டு, சி-எச் என்று எழுதுபவரும் உண்டு. ஆகவே ஒரு பொருளைத் தேடுகிறவர் குறைந்தது நான்கைந்து எழுத்துக்கூட்டல்களில் தேட வேண்டும். அதைவிட, பல்கலைக்கழகத்தைத் தேர்ந்து தமிழ்த் துறைக்குள் நுழைந்து தலைப்புகளை வரிசையாகப் படித்துப் போவதே எனக்கு அதிகம் பலித்தது. நேரம் எடுக்கும் வேலைதான், ஆனால் தேடாமல் விட்ட நல்ல ஆய்வேடுகள் அப்படித்தான் கண்ணில் படுகின்றன.

தட்டச்சுப் பொறிக் காலத்து ஆய்வேடுகள் வெறும் படங்களாகவே இருக்கின்றன. அவற்றைக் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் ஓரளவு உரையாக மாறும். காலும் ரகரமும் குழம்பும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை வடிவங்கள் சிதையும். தேடுவதற்கு உதவும், மேற்கோளுக்கு உதவாது. மேற்கோளை மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டே எடுக்க வேண்டும்.

என் ஆய்வேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018இல் சமர்ப்பித்தேன். பொது வாய்மொழித் தேர்வு முடிந்து, மின்படியைக் குறுந்தகட்டில் நூலகத்தில் ஒப்படைத்துச் சான்று பெற்றேன். முதல் இயலையும் ஐந்தாம் இயலையும் நானே ஒருங்குறியில் அடித்திருந்தேன். காலக்கெடு நெருங்கியதால் இடையில் உள்ள மூன்று இயல்களையும் கடையில் கொடுத்தேன், அவை பாமினியில் வந்தன. தலைப்பின் ஒலிபெயர்ப்பை நான் சரிபார்க்கவில்லை. பிறகு 2022இல் ஒரு கருத்தரங்கில், வேறொரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவி என்னிடம் வந்து, “ஐயா, உமணரைப் பற்றித் தனியாக யாரும் ஆய்வு செய்யவில்லை போலிருக்கிறது, தேடிப் பார்த்துவிட்டேன், நான் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டார். அவர் தேடிய களஞ்சியத்தில் என் ஆய்வேடு நான்காண்டுகளாக இருந்தது. அவர் மீது பிழை ஏதும் இல்லை. 2013இல் நான் தேடியது போலவே அவரும் தேடியிருக்கிறார். ஐந்தாண்டு உழைப்பு இருந்தும் இல்லாததாகிவிட்டதை அன்றுதான் நேராக உணர்ந்தேன்.

இதன் விளைவு தேடலோடு நிற்பதில்லை. ஆய்வுத் திருட்டைத் தடுக்க மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமையைச் சிறு அளவாகக் கருதி, அதற்கு மேல் 40, 60 என்று படிநிலைகள் வகுக்கின்றன. 2019 முதல் ஷோத்சுத்தி திட்டத்தின் வழியாகப் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமை காணும் மென்பொருளும் கிடைக்கிறது. ஆனால் முன்னைய ஆய்வேடு பாமினியில் இருந்து, அதிலிருந்து ஒருவர் பக்கம் பக்கமாக எடுத்து ஒருங்குறியில் அடித்துக் கொடுத்தால், இரண்டும் ஒன்று என்று மென்பொருளுக்குத் தெரிய வழியே இல்லை. அறிக்கையில் குறைந்த விழுக்காடு வந்தது என்பதை மட்டும் வைத்துத் தமிழ் ஆய்வேடு ஒன்றின் நேர்மையை முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நெறியாளர் முன்னாய்வுகளைத் தாமே படித்திருக்க வேண்டும்.

எங்கள் துறையில் இப்போது மின்படி ஒப்படைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்கிறோம். ஒவ்வொரு இயலின் பிடிஎஃப் கோப்பிலிருந்தும் ஏதேனும் ஒரு வரியை நகலெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டிப் பார்க்க வேண்டும். தமிழாக வந்தால் சரி. ஆங்கிலக் குறிகளாகவோ உடைந்த எழுத்துகளாகவோ வந்தால் அந்த இயல் திரும்பிப் போகும். தலைப்பைத் தமிழிலும், சீரான ஒலிபெயர்ப்பிலும், ஆங்கில மொழிபெயர்ப்பிலும் மாணவரே எழுதிக் கொடுக்க வேண்டும். திறவுச்சொற்களும் அப்படியே. ஒரு மாணவருக்கு இதற்கு அரை நாள் போதும். பழைய எழுத்துருவில் ஏற்கெனவே அடித்து வைத்திருப்பவர்களுக்குச் சுரதாவின் எழுத்துரு மாற்றி போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றும்போது ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: துணைநூற்பட்டியலில் உள்ள ஆங்கில நூற்பெயர்களையும் கருவி பாமினி என்றே எண்ணித் தமிழ் எழுத்துகளாக்கிக் குலைத்துவிடும். ஆங்கிலப் பகுதிகளை முன்கூட்டியே பிரித்து எடுத்துக்கொள்வது நல்லது.

என் ஆய்வேட்டின் மூன்று இயல்களையும் கடந்த கோடை விடுமுறையில் மாற்றி முடித்தேன். பாடலடிகளை மட்டும் பதிப்போடு ஒப்பிட்டுக் கையால் திருத்தினேன். ஒற்றும் சந்தியும் பல இடங்களில் நழுவியிருந்தன. திருத்திய கோப்புகளையும் தமிழ்த் தலைப்பையும் சேர்த்து, பழையவற்றுக்குப் பதிலாக இவற்றை ஏற்ற வேண்டும் என்ற விண்ணப்பத்தோடு நான் படித்த பல்கலைக்கழகத்தின் நூலகரிடம் கொடுத்திருக்கிறேன். அந்த மாணவி தம் பொருளைச் சற்றே மாற்றி, உமணர் சென்ற வழித்தடங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். என் நான்காம் இயலை அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன்.