எந்தக் ‘கரடி’யை வாங்குவது? ஃபாக்னரின் இரண்டு நூல்கள்

அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னர் எழுதிய ‘கரடி’ என்னும் நெடுங்கதையைப் படிக்க விரும்பி இணையக் கடைகளில் தேடுகிறவருக்கு இரண்டு நூல்கள் கிடைக்கும். ஒன்று 1942-இல் வெளிவந்த ‘கோ டவுன், மோசஸ்’. மற்றது, அவருடைய வேட்டைக் கதைகளை மட்டும் தொகுத்து 1955-இல் வெளியிடப்பட்ட ‘பிக் வுட்ஸ்’. பின்னது மெலிந்தது, கோட்டோவியங்கள் கொண்டது, படிக்கவும் எளியது. எனவே அதையே முதலில் வாங்கத் தோன்றும். கோத்தகிரிக்கு இரண்டையும் வரவழைத்துப் படித்தவன் என்ற முறையில் நான் பரிந்துரைப்பது முன்னதைத்தான். காரணம், ‘கரடி’யின் நான்காம் பகுதி அதில் இருக்கிறது, ‘பிக் வுட்ஸ்’ தொகுப்பில் அது நீக்கப்பட்டிருக்கிறது.

கதை மிசிசிப்பி மாநிலத்தின் ஆற்றுப்படுகைப் பெருங்காட்டில், 1880-களை ஒட்டி நடக்கிறது. ஆண்டுதோறும் மேஜர் டி ஸ்பெயினின் முகாமில் கூடும் வேட்டைக்காரர்களோடு ஐக் மெக்காஸ்லின் என்ற சிறுவன் பத்து வயதில் சேர்கிறான். அவனுக்குக் காட்டைக் கற்றுக்கொடுப்பவர் சாம் ஃபாதர்ஸ். சிக்கசா பழங்குடித் தலைவர் ஒருவருக்கும் அடிமைப் பெண் ஒருத்திக்கும் பிறந்தவர். எல்லோரும் தேடுவது ஓல்டு பென் என்று பெயர் வாங்கிய கிழட்டுக் கரடியை. பொறியில் அகப்பட்டு அதன் ஒரு பாதம் சிதைந்திருப்பதால், அதன் தடத்தை வேறொன்றின் தடமென்று எவரும் எண்ண முடியாது. கரடியைக் கண்ணால் காண வேண்டுமென்று துப்பாக்கியை முகாமிலேயே விட்டுவிட்டுப் போகும் சிறுவன், அதுவும் போதாதென்று உணர்ந்து, கடிகாரத்தையும் திசைகாட்டியையும் ஒரு புதரில் மாட்டிவிட்டு நடக்கிறான், வழி தவறுகிறான், சேற்றில் அப்போதுதான் பதிந்து, நீர் ஊறி நிறைந்துகொண்டிருக்கும் தடங்களைப் பின்பற்றிப் போக, அவை அவனை அந்தப் புதருக்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. அங்கே கரடி நிற்கிறது. வேட்டை பற்றி நான் படித்தவற்றில் இதற்கு இணையான இடம் மிகக் குறைவு. அது இரண்டு நூல்களிலும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓல்டு பென் சோளக் குதிர்களை உடைத்ததையும் பன்றிக்குட்டிகளைத் தூக்கிச் சென்றதையும் கூறும் பகுதியை வெளியூர் வாசகர்கள் புராணம் போலப் படிக்கக்கூடும். எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு அப்படித் தோன்றாது. கோயில் விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போன கரடியும், சத்துணவுக் கூடத்தின் கதவைப் பெயர்த்த கரடியும் இங்கே மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி வருகிறவை. இருட்டிய பிறகு தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் எவரும் தனியே போவதில்லை. ஃபாக்னரின் கரடி காட்டோடு சேர்ந்து மறைகிறது. எங்கள் கரடிக்குக் காடு சுருங்கியதன் விளைவு வேறு விதமாக வாய்த்திருக்கிறது.

நான்காம் பகுதியில் காடே இல்லை. இருபத்தொரு வயதான ஐக், தனக்கு வரவேண்டிய பரம்பரைப் பண்ணையை வேண்டாமென்று துறக்கிறான். ஏனென்று தன் உறவினனிடம் விளக்குகிறான். விளக்கமெல்லாம் பண்ணைக் கடையின் பழைய கணக்கேடுகளிலிருந்து வருகிறது. யூனிஸ் என்ற பெண்ணை 1807-இல் நியூ ஆர்லியன்ஸில் 650 டாலருக்கு வாங்கியதாக ஒரு பதிவு. அவளே 1832 கிறிஸ்துமஸ் அன்று ஓடையில் மூழ்கி இறந்ததாக அதையொட்டி ஒரு குறிப்பு. எழுத்துப் பிழைகள் மலிந்த அந்த வரிகளையும், பின்னால் வரும் பிறப்பு இறப்புக் குறிப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, தன் பாட்டன் அந்த அடிமைப் பெண்ணிடம் ஒரு மகளையும், வளர்ந்த அந்த மகளிடமே ஒரு மகனையும் பெற்றான் என்பதும், தாய் ஏன் ஓடையில் இறங்கினாள் என்பதும் ஐக்குக்குப் புலப்படுகின்றன. ஆசிரியர் விளக்கம் தருவதில்லை. ஏட்டைப் புரட்டுகிறவனோடு வாசகரும் சேர்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

இதைப் படித்தபின் ஐந்தாம் பகுதி வேறு கதையாகிவிடுகிறது. மேஜர் டி ஸ்பெயின், அத்தனை ஆண்டுகள் முகாம் நடத்திய கனவான், காட்டின் மரம் வெட்டும் உரிமையை மெம்பிஸ் நகரத்து மரக் கம்பெனிக்கு விற்றுவிடுகிறார். மரம் ஏற்றும் ரயில் காட்டுக்குள் ஓடுகிறது. ஓல்டு பென்னைக் கத்தியால் குத்திக் கொன்ற பூன் ஹோகன்பெக், தனித்து நிற்கும் மரமொன்றின் அடியில் உட்கார்ந்து, பழுதான துப்பாக்கியின் ஒரு பாகத்தால் இன்னொன்றைத் தட்டிக்கொண்டே, மேலே ஓடித்திரியும் அணில்கள் எல்லாம் தனக்கே சொந்தமென்று கத்துகிறான். ‘பிக் வுட்ஸ்’ நூலில் அது ஒரு முரட்டு மனிதனின் பித்து. மூல நூலிலோ, கணக்கேட்டில் பார்த்த அதே உடைமை வெறி அங்கே வாய்திறந்து பேசுகிறது.

நீலகிரியில் இருப்பவன் இந்த வேறுபாட்டைப் பெரிதுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. எங்களுக்கும் வேட்டை இலக்கியம் இருக்கிறது: டக்ளஸ் ஹாமில்டனின் குறிப்புகள் 1892-இல் நூலாயின, ஃபிளெட்சரின் நீலகிரி, வயநாடு வேட்டை நூல் 1911-இல் வந்தது. வரையாட்டுக் கொம்பின் நீளத்தை அங்குலக் கணக்கில் குறிப்பதிலும், மேற்கு விளிம்புப் புல்வெளிகளை வர்ணிப்பதிலும் இவர்கள் கைதேர்ந்தவர்கள். விலங்குகள் அருகிவருவது அந்தக் காலத்து வேட்டைக்காரர்களுக்கும் தெரிந்தே இருந்தது; 1877-இல் சங்கம் அமைத்து, 1879-இல் தனிச் சட்டமும் கொண்டுவந்தார்கள். தடம் பார்த்துச் சொன்ன குறும்பரின் திறமையைப் பாராட்டவும் செய்கிறார்கள். ஆனால் அவருடைய காடு எவர் பெயருக்கு எந்த ஏட்டில் மாறியது, தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளியில் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) எவர் முடிவால் ஏறின என்ற விசாரணை அவற்றில் இல்லை. நான்காம் பகுதியை நீக்கிய ‘கரடி’ அந்த வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. மொழி மட்டும் மேலானது.

‘பிக் வுட்ஸ்’ வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அதிலுள்ள ‘ரேஸ் அட் மார்னிங்’ கதை ‘கோ டவுன், மோசஸ்’ நூலில் கிடையாது. பள்ளிப் பிள்ளைக்கு ஃபாக்னரை அறிமுகம் செய்ய அதுவே தோது.

‘கோ டவுன், மோசஸ்’ வாங்குகிறவர் இரண்டு சிரமங்களை எதிர்பார்க்க வேண்டும். நான்காம் பகுதியில் முற்றுப்புள்ளியே இல்லாமல் பக்கக்கணக்கில் நீளும் வாக்கியம் உண்டு. முதல் வாசிப்பில் மூன்றாம் பகுதியிலிருந்து ஐந்தாவதற்குத் தாவி, முடித்த பிறகு நான்காவதற்குத் திரும்புவதில் தவறொன்றும் இல்லை. ஐந்தாவதை மறுபடி படிக்க மட்டும் மறக்க வேண்டாம். பிறகு, உறவுமுறைச் சிக்கல். நான் வாங்கிய மலிவு விலைப் பதிப்பில் வம்சாவளிப் படம் இல்லை, எழுத்தும் பொடி எழுத்து. யூனிஸில் தொடங்கும் கிளை, அதே நூலில் எண்பதை நெருங்கிய ஐக் வரும் ‘டெல்டா ஆட்டம்’ (Delta Autumn) கதையில் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணாக மீண்டும் வந்து நிற்பதால், யார் யாருக்கு என்ன உறவு என்பதைப் பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் வரைந்துகொண்டே படித்தேன். வம்சாவளிப் படம் உள்ள பதிப்பு கிடைத்தால் சற்று விலை கூடினாலும் அதையே வாங்கலாம்.